பயன்படாத நிரலை நீக்குவது எப்படி: தேடலில் தொடங்கி டேபிள் வரை

ஒரு ஃபங்ஷனை அழிக்க அரை நிமிடம் போதும். அதை யாரும் அழைப்பதில்லை என்று அடித்துச் சொல்லத்தான் நாட்கள் பிடிக்கும். செத்த நிரல் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறதென்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: "எங்கேயோ யாரோ இதை நம்பிக்கொண்டிருந்தால்?" என்ற கேள்விக்குக் குழுவில் யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலைச் சேகரிப்பது எப்படி, சேகரித்த பின் எந்த வரிசையில் நீக்குவது என்பதை இங்கே பார்ப்போம்.

கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று விடவும் முடியாது. ஃபிரேம்வொர்க்கை உயர்த்தும்போதெல்லாம் செத்த நிரலையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும். புதிதாக வந்தவர் அதையும் படித்துப் புரிந்துகொள்ளப் பார்ப்பார். அதில் உள்ள பாதுகாப்பு ஓட்டை, உயிருள்ள நிரலில் உள்ள ஓட்டையைப் போலவே திறந்திருக்கும். 2014 ஏப்ரலில் இணைய இணைப்புகளை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டதும் ஓப்பன்பிஎஸ்டி குழு அந்த லைப்ரரியைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல்லைத் தொடங்கியது. அவர்கள் முதல் வாரத்தில் செய்த பெரிய வேலை, சுமார் 90,000 வரிகளை அழித்தது. 2018இல் வந்த லினக்ஸ் கெர்னல் 4.17, ஆள் இல்லாமல் போன 8 பிராசசர் வகைகளுக்கான ஆதரவைக் கிட்டத்தட்ட 5 லட்சம் வரிகளோடு நீக்கியது. நீக்குவதற்கு நேரம் கேட்டு மேலாளரிடம் போகிறவர்கள் இந்த இரண்டையும் எடுத்துக்காட்டலாம்.

மூன்று விதமான சாவு

முதல் வகை, எந்த வழியிலும் போய்ச் சேர முடியாத நிரல். இதைக் கருவிகளே காட்டிவிடும். இரண்டாவது, போய்ச் சேர முடியும், ஆனால் யாரும் போவதில்லை: மெனுவின் ஓரத்தில் கிடக்கும் பழைய ஏற்றுமதி வசதி போல. இதற்கு ப்ரொடக்ஷனில், அதாவது பயனர்கள் பயன்படுத்தும் உண்மைச் சூழலில், அளந்து பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் கண்ணில் படாதது: தினமும் ஓடும், பிழை எதுவும் வராது, அதன் விளைவை மட்டும் யாரும் பயன்படுத்துவதில்லை. இரவுதோறும் ஒரு டேபிளை நிரப்பும் வேலை, அந்த டேபிளைப் படிப்பவர் யாருமில்லை.

மூன்றாம் வகை என்ன செய்யும் என்பதற்கு 1996 ஜூன் 4 அன்று வெடித்த ஏரியன் 5 ராக்கெட் சாட்சி. கிடைநிலையைச் சரிசெய்யும் ஒரு கணக்கு, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பும் வரைதான் பயன்படும். ஏரியன் 4இன் தேவைக்காக எழுதப்பட்ட அந்த நிரல், கிளம்பிய பிறகும் சுமார் 40 நொடி ஓடும்படி அப்படியே ஏரியன் 5க்கு வந்தது. புதிய ராக்கெட்டின் பாதையில் கிடைமட்ட வேகம் மிக அதிகம். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் எண் கொள்ளாமல் போய், வழிகாட்டும் கணினிகள் இரண்டும் நின்றன. அந்த நேரத்தில் அந்தக் கணக்கின் விடை யாருக்கும் தேவையே இல்லை.

ஆகவே தேடும்போது "இதை யார் அழைக்கிறார்கள்" என்பதோடு "இது எழுதுவதை யார் படிக்கிறார்கள்" என்றும் கேளுங்கள்.

கருவிகள் காட்டுவதும் காட்டாததும்

பைத்தானுக்கு வல்ச்சர், ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்டுக்கு நிப், ஸ்விஃப்டுக்கு பெரிஃபெரி, கோ மொழிக்கு அதன் குழுவே தரும் டெட்கோட் ஆகியவை நல்ல தொடக்கம். ரஸ்டில் கம்பைலரே எச்சரிக்கும். பயன்படாத லைப்ரரிகளைக் கண்டுபிடிக்க கார்கோ மஷெட்டி இருக்கிறது. சி, சி++ திட்டங்களில் ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பிரிவாகக் கம்பைல் செய்து, தேவையற்ற பிரிவுகளைக் கழிக்கும்படியும் கழித்தவற்றின் பட்டியலை அச்சிடும்படியும் லிங்கரிடம் சொன்னால் செத்தவை வரிசையாக வந்து விழும்.

இந்தப் பட்டியலை அப்படியே நம்பி அழிக்கக்கூடாது. வல்ச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கை சதவீதம் கொடுக்கும்: 100 என்றால் அந்த வரி ஓடவே வழியில்லை, 60 என்றால் பெயர் வேறெங்கும் தென்படவில்லை என்று மட்டுமே பொருள். இன்னொரு சிக்கல் டெஸ்டுகள். ஒரு ஃபங்ஷனை அதன் டெஸ்ட் மட்டுமே அழைத்தாலும் கருவி அதை உயிருள்ளதாக எண்ணக்கூடும். டெஸ்ட் கோப்புகளை விலக்கி ஒரு முறையும் சேர்த்து ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பட்டியலுக்கும் உள்ள வேறுபாடுதான், டெஸ்ட் மட்டும் உயிரோடு வைத்திருக்கும் நிரல்.

அடுத்து கையால் தேடல். பழைய பிடிஎஃப் அறிக்கை வசதியை நீக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷனின் பெயர் 'ஏற்றுமதி_பிடிஎஃப்'. முழுப் பெயரைத் தேடினால் அது எழுதப்பட்ட இடமும் டெஸ்டும் மட்டுமே வரும். இப்போது 'ஏற்றுமதி_' என்ற பாதியை மட்டும் தேடுங்கள். 'ஏற்றுமதி_' என்ற சரத்தோடு பயனர் தேர்ந்த வகையை ஒட்டி, அந்தப் பெயரில் உள்ள ஃபங்ஷனை அழைக்கும் ஒரு வரி வந்து நிற்கும். முழுப் பெயரை மட்டும் தேடியிருந்தால் இது தப்பியிருக்கும். பெயர்கள் இப்படி ஒளியும் இடங்கள் இன்னும் உண்டு: டெம்ப்ளேட் கோப்புகள், கான்ஃபிக், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் பட்டியல், டேட்டாபேஸில் சரமாகச் சேமித்த கிளாஸ் பெயர், காத்திருக்கும் வரிசையில் உள்ள வேலைகள், பக்கத்து ரிப்போ (நிரல் களஞ்சியம்), யாரோ சர்வரில் கையால் வைத்த ஷெல் ஸ்கிரிப்ட். கடைசி இரண்டும் உங்கள் ரிப்போவில் எத்தனை தேடினாலும் கிடைக்காது.

நிரல் எதற்காக வந்தது என்று அறிய, கிட் லாகில் பெரிய எஸ் விருப்பத்தோடு ஃபங்ஷன் பெயரைக் கொடுங்கள். அந்தச் சரத்தின் எண்ணிக்கை மாறிய கமிட்டுகள் மட்டும் வரும். கடைசியாக அதை அழைத்த வரி எப்போது, யாரால், என்ன காரணம் சொல்லி நீக்கப்பட்டது என்பது அங்கே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கல்லறைக் குறி

ப்ரொடக்ஷனில் உறுதி செய்ய, சந்தேகத்துக்குரிய ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு லாக் அழைப்பு வைப்பது வழக்கம். ஆங்கிலத்தில் டூம்ஸ்டோன் என்பார்கள், கல்லறைக் குறி. அதில் மூன்று தகவல் வேண்டும்: தனித்த அடையாளம், வைத்த தேதி, டிக்கெட் எண். யார் அழைத்தார்கள் என்பதற்கு ஸ்டாக் டிரேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ஒரு பிராசஸுக்கு நிமிடத்தில் ஒரு தடவைக்கு மேல் எழுதாதபடி கட்டுப்படுத்துங்கள். செத்தது என்று நினைத்தது உண்மையில் நொடிக்கு ஆயிரம் முறை ஓடிக்கொண்டிருந்தால் லாக் சர்வர் மூச்சுத்திணறிவிடும். எக்ஸப்ஷன் எறியும்படி வைக்கவே வேண்டாம்.

குறி வைத்துவிட்டு எதுவும் வரவில்லை என்று மகிழ்வதற்குள் இரண்டு சோதனை. ஒன்று, நிச்சயம் ஓடும் என்று தெரிந்த ஒரு ஃபங்ஷனிலும் அதே போன்ற குறியை வைத்து, அது லாகில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். லாக் நிலை வடிகட்டியில் சிக்கி உங்கள் குறி எழுதப்படாமலே போயிருந்தால், அந்த அமைதிக்கு எந்த மதிப்பும் இல்லை. இரண்டு, லாக் எத்தனை நாள் சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். 14 நாளில் அழியும் லாகில் 60 நாளுக்குத் தேடினாலும் கிடைப்பது 14 நாளின் விடைதான். குறிக்கு ஒரு எண்ணிக்கை மெட்ரிக் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

எத்தனை நாள் காத்திருப்பது? அந்த நிரல் தொடும் வேலையின் முழுச் சுற்று ஒன்று. சம்பளக் கணக்கு என்றால் குறைந்தது ஒரு மாதமும் சில நாளும். காலாண்டு அறிக்கை என்றால் ஒரு காலாண்டு. ஆண்டு முடிவில் மட்டும் ஓடுவதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வேலைக்குப் பொறுப்பானவரிடம் நேரில் கேட்டுவிடலாம், அதுவே விரைவும் கூட.

ஒன்றைக் கட்டாயம் விலக்கி வையுங்கள்: பிழை வரும்போது மட்டும் ஓடும் பாதைகள். டிஸ்க் நிரம்பினால், மாற்று சர்வருக்குத் தாவினால், பணம் திருப்பித் தருவது இரண்டாம் முறையும் தோற்றால் ஓட வேண்டிய நிரல், 6 மாதமாக ஓடவில்லை என்றால் அது நல்ல செய்தி. அது செத்துவிட்டது என்று பொருளல்ல.

வெளியிலிருந்து உள்ளே

நீக்கும் வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். டேபிளை முதலில் கழற்றுவது, பிறகு நிரல், கடைசியில் பொத்தான் என்று போனால் ஒவ்வொரு படியும் பயனர் முகத்தில் பிழையாக வெடிக்கும். முதலில் நுழைவாயில், அதன் பின் ஏபிஐ, உள் நிரல், பின்னணி வேலைகள், கடைசியில் தரவு. தரவைத் தொடும் வரை ஒவ்வொரு படியையும் ஒரே ரிவர்ட்டில் திருப்ப முடியும்.

பொத்தானை மறைத்து ஓரிரு வாரம் காத்திருந்தால், அந்த வசதியை நம்பியிருந்தவர்கள் தாங்களே கேட்டு வருவார்கள். ஏபிஐ என்றால் எதிர்முனையில் இருப்பது மனிதர் இல்லை, ஸ்கிரிப்ட். அது கேட்டு வராது. அதற்கு ஹெச்டிடிபி தலைப்புகள் உள்ளன: வழக்கொழிந்தது என்று சொல்லும் டெப்ரிகேஷன் (இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9745), நிற்கப்போகும் நாளைச் சொல்லும் சன்செட், ஆர்எஃப்சி 8594. வெளி நிறுவனங்கள் அழைக்கும் ஏபிஐயில் தலைப்பு மட்டும் போதாது, ஏனென்றால் அதைப் படிப்பவர் குறைவு. முன்கூட்டி அறிவித்துவிட்டு, முதலில் 5 நிமிடம், அடுத்த வாரம் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று நிறுத்தி நிறுத்தித் திறந்தால் உறங்கும் ஸ்கிரிப்டுகளின் சொந்தக்காரர்கள் விழித்துக்கொள்வார்கள். 2021 ஆகஸ்ட் 13இல் கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை கிட்ஹப் முற்றிலும் நிறுத்தியது. அதற்கு முன் ஜூன், ஜூலையில் இப்படித்தான் தற்காலிகமாக நிறுத்திக் காட்டியது. கடைசியில் 404க்குப் பதில் 410 அனுப்புங்கள். முகவரி தவறில்லை, அது இனி இல்லை என்பது அழைப்பவருக்குத் தெளிவாகும்.

கைபேசிச் செயலிகளின் பழைய பதிப்புகள் மாதக்கணக்கில் பயனர் கையில் இருக்கும். சர்வர் லாகில் செயலிப் பதிப்பு எண் பதிவாகவில்லை என்றால், நீக்கும் வேலையைத் தொடங்கும் முன் அதைப் பதிவாக்குங்கள்.

உள் நிரலுக்கு வந்ததும் விதி எளிது: ஒரு கமிட்டில் ஒரே விஷயத்தை மட்டும் நீக்குங்கள். அதோடு சேர்த்துப் பெயர் மாற்றம், வடிவ ஒழுங்கு என்று கலந்துவிட்டால், ரிவர்ட் செய்ய வேண்டிய இரவில் நல்ல மாற்றமும் சேர்ந்து போகும். ஒரே பொருளைப் பற்றியது என்றால் 3,000 வரி நீக்கமும் ரிவியூ செய்ய எளிதே. கமென்ட் போட்டு வைப்பது நீக்கம் ஆகாது. அது கம்பைல் ஆகாது, டெஸ்ட் ஆகாது, சில மாதத்தில் சுற்றியுள்ள நிரல் மாறித் திரும்ப ஒட்டவும் வராது; பழையது வேண்டுமென்றால் கிட்டில் முழுதாக இருக்கிறது. கமிட் செய்தியில் எந்த ஆதாரத்தால் நீக்கினோம் என்று எழுதுங்கள்: "குறி 45 நாள், அழைப்பு 0, கிரான், டெம்ப்ளேட் தேடியாயிற்று."

ஒரு சுற்று நீக்கியதும் கருவியை மறுபடி ஓட்டுங்கள். நீக்கிய ஃபங்ஷன் மட்டுமே அழைத்துவந்த உதவி ஃபங்ஷன்கள் இப்போது புதிதாகப் பட்டியலில் வரும். பட்டியல் மாறாமல் நிற்கும் வரை இது தொடரும். மூன்று நான்கு சுற்று சாதாரணம்.

ஃபிளாகை உருவும்போது

ஃபீச்சர் ஃபிளாக் என்பது ஒரு வசதியை இயக்கவும் நிறுத்தவும் நிரலில் வைக்கும் சுவிட்ச். அது எப்போதும் உண்மை என்று ஆகிவிட்ட பிறகு அதை எடுப்பது சிறு வேலை போலத் தெரியும். பிழை அதிகம் நுழைவது இங்கேதான். 'புதிய_கட்டணம்' என்ற ஃபிளாக் எப்போதும் உண்மை என்போம். "புதிய_கட்டணம் மற்றும் பதிந்தவரா" என்பது "பதிந்தவரா" என்று சுருங்கும். "புதிய_கட்டணம் அல்லது பதிந்தவரா" முழுவதும் உண்மையாகிவிடும், நிபந்தனையே வேண்டாம். எதிர்மறை சேரும்போதுதான் கை தடுமாறும்: "புதிய_கட்டணம் அல்ல, அல்லது பதிந்தவரா" என்பது "பதிந்தவரா" மட்டுமே, அவசரத்தில் இதையும் உண்மை என்று அழித்துவிடுவார்கள், பதியாதவருக்கும் கதவு திறந்துவிடும்.

இன்னும் நுட்பமானது பக்கவிளைவு. "புதிய_கட்டணம் அல்லது இருப்பைச்_சரிபார்" என்று இருந்தால், முதல் பாதி உண்மை என்றதும் கணினி அடுத்ததைப் பார்ப்பதில்லை; ஃபிளாக் உண்மையான பிறகு இரண்டாவது ஃபங்ஷன் ஒருநாளும் ஓடியதில்லை, அழிக்கலாம். வரிசை மாறி "இருப்பைச்_சரிபார் அல்லது புதிய_கட்டணம்" என்று இருந்தால் அது ஒவ்வொரு முறையும் ஓடியிருக்கிறது. அதற்குள் ஒரு கேஷ் நிரப்பப்பட்டுக்கொண்டிருந்தால், விடை தேவையில்லை என்று அழித்ததும் வேறெங்கோ வேகம் குறையும். உபர் வெளியிட்ட பிரான்ஹா போன்ற கருவிகள் நிபந்தனைச் சுருக்கத்தைத் தானே செய்யும். பக்கவிளைவை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

நிரலில் எடுத்து, எல்லாச் சர்வர்களிலும் டெப்ளாய் ஆனதை எண்ணிப் பார்த்த பிறகே ஃபிளாக் சேவையில் அழியுங்கள். முன்பே அழித்தால், பழைய நிரல் ஓடும் சர்வர் இயல்பு மதிப்பான பொய்யைப் படித்துப் பழைய பாதைக்குத் திரும்பிவிடும்.

பழைய ஃபிளாகின் பெயரையோ எண்ணையோ மறுபடி பயன்படுத்தாதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது இதுதான். 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திய பவர் பெக் என்ற நிரலை யாரும் நீக்கவில்லை. அதை இயக்கிய ஃபிளாகையே புதிய வசதிக்கும் எடுத்துக்கொண்டார்கள். 8 சர்வர்களில் 7இல் மட்டும் புதிய நிரல் போய்ச் சேர்ந்தது. எட்டாவதில் அந்த ஃபிளாக் பழைய பவர் பெக்கை எழுப்பியது. அது ஆர்டர்களை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருந்தது. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. தரவைப் பரிமாறும் வடிவமான புரோட்டோபஃபில் ஒரு புலத்தை நீக்கினால் அதன் எண்ணை ரிசர்வ்டு என்று குறித்து வைக்கச் சொல்வதும் இதே காரணத்துக்காக: பழைய தரவு புதிய பொருளில் படிக்கப்படக்கூடாது.

டேட்டாபேஸ்

இங்கே ரிவர்ட் கிடையாது. அதனால் நெடுவரிசை ஒன்றை நீக்கக் குறைந்தது மூன்று டெப்ளாய் ஆகும், அவசரப்படாதீர்கள்.

நெடுவரிசைக்கு இயல்பு மதிப்பு இல்லாமல் நாட் நல் (காலியாக இருக்கக்கூடாது) கட்டுப்பாடு இருந்தால் முதலில் அதைத் தளர்த்துங்கள். தளர்த்தாமல் நிரல் எழுதுவதை நிறுத்தினால் ஒவ்வொரு புதிய வரிசையும் சேராமல் பிழையாகும். அடுத்து, படிப்பதையும் எழுதுவதையும் நிரலில் நிறுத்துங்கள். டேபிள்களை நிரலின் பொருள்களாகக் காட்டும் ஓஆர்எம் லைப்ரரிகள் நெடுவரிசைப் பட்டியலைத் தொடக்கத்திலேயே நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கில் இக்னோர்டு காலம்ஸ் பட்டியலில் பெயரைச் சேர்த்து டெப்ளாய் செய்த பிறகுதான் டேட்டாபேஸில் நீக்கலாம். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ்கள் இல்லாத நெடுவரிசைக்கு எழுதப் போய் விழும்.

முழு டேபிள் என்றால், போஸ்ட்கிரெஸில் டேபிள், இன்டெக்ஸ் பயன்பாட்டு எண்ணிக்கை தரும் புள்ளிவிவரக் காட்சிகளைப் பாருங்கள். ஸ்கேன் எண்ணிக்கை 0 என்றதும் நிம்மதி வேண்டாம்: அந்த எண்ணிக்கை ஒவ்வொரு சர்வருக்கும் தனி. முதன்மைச் சர்வரில் 0 ஆக இருக்கும் இன்டெக்ஸை அதன் நகல் சர்வரான ரெப்ளிகாவில் ஓடும் அறிக்கைகள் நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். எண்ணிக்கை கடைசியாக எப்போது பூஜ்யமாக்கப்பட்டது என்பதையும் பாருங்கள்.

பிறகு டேபிளின் பெயரை மாற்றி ஒரு சுற்றுக் காலம் விடுங்கள். தவறு என்றால் பெயரைத் திருப்ப ஒரு நொடி போதும். ஒரு குறை உண்டு: போஸ்ட்கிரெஸில் வியூக்கள் (சேமித்து வைத்த வினவல்கள்) டேபிளைப் பெயரால் பிடித்திருப்பதில்லை, ஆகவே பெயர் மாறினாலும் அவை ஓடிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. நீக்கும் கட்டளையில், சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கும் கேஸ்கேட் விருப்பத்தைச் சேர்க்காமல் விட்டால் சார்ந்திருக்கும் வியூக்களைப் பட்டியலிட்டு அது மறுக்கும்; அந்த மறுப்புதான் நமக்கு வேண்டிய தகவல். கேஸ்கேட் சேர்த்தால் எல்லாம் மறுப்பில்லாமல் போய்விடும். நீக்கும் நொடியில் டேபிளுக்கு முழுப் பூட்டும் தேவைப்படும். நீண்ட வினவல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் கட்டளை காத்திருக்கும், அதன் பின்னால் மற்ற எல்லாம் காத்திருக்கும். பூட்டுக்கான காத்திருப்பு வரம்பை 2 அல்லது 3 நொடி என்று வைத்து, தோற்றால் மறுபடி முயலுங்கள்.

மிச்சம் மீதி

வசதி போன பிறகும் ஊழியர் கவனிக்காமல் நிற்பவை: சூழல் மாறிகள், ரகசியச் சாவிகள், மொழிபெயர்ப்புச் சரங்கள், எச்சரிக்கை விதிகள், ஆவணப் பக்கங்கள். பெரும்பாலும் இவற்றால் உடனடித் தீங்கு இல்லை, ஆனால் சாவிகளை அன்றே ரத்து செய்யுங்கள். காத்திருக்கும் வரிசையில் மூன்று வாரம் கழித்து ஓட வேண்டிய வேலைகள் இருக்கலாம். வரிசை வற்றிய பிறகுதான் அந்த கிளாஸை அழிக்க வேண்டும்.

டிஎன்எஸ் பதிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளவுட் சேவையை மட்டும் அழித்துவிட்டு அதைக் காட்டும் துணை டொமைன் பதிவை விட்டுவைத்தால், வேறொருவர் அதே பெயரில் அந்தச் சேவையை எடுத்து உங்கள் டொமைனின் கீழ் தன் பக்கத்தை நடத்த முடியும். முதலில் டிஎன்எஸ் பதிவு, அதன் காலாவதி நேரம் கடந்த பிறகு சேவை. இந்த வரிசை மாறக்கூடாது.

டேபிளை அழிக்கும் முன் எடுத்த பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டு, வரிசை எண்ணிக்கையை ஒப்பிட்டு வையுங்கள். அந்தக் கோப்பில் பயனர்களின் பெயரும் முகவரியும் இருக்கும், ஆகவே அதற்கும் ஒரு தேதி குறியுங்கள், 90 நாள் என்றால் 90 நாள். டிக்கெட்டை அதுவரை திறந்தே வையுங்கள். அந்த நாளில் கோப்பையும் அழித்துவிட்டு மூடுங்கள்.